ஹூஸ்டன் வெயிலில் இடுப்புத் துப்பாக்கிக்கு அடியில் எந்தப் பனியன்?

ஹூஸ்டன்_கடைக்காரன் | ஜூன் 9, இரவு 11.20

வணக்கம். ஹூஸ்டன் புறநகரில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரவு கடையை அடைத்த பிறகு அன்றைய பணத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவது என் வேலை. அதனால் மூன்று ஆண்டுகளாகத் துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு போகிறேன். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பியவருக்கு உரிமம் இல்லாமலேயே அதற்கு வழி இருக்கிறது. ஆனாலும் வகுப்பில் உட்கார்ந்து, இலக்கைச் சுட்டுக் காட்டி, உரிமம் வாங்கியே வைத்திருக்கிறேன். எனவே சட்டக் கேள்வி எதுவும் இல்லை. கேள்வி பனியனைப் பற்றியது. சிரிக்காமல் படியுங்கள்.

துப்பாக்கி சிக் சாவர் பி365. உறை கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக். பேன்ட்டுக்கு உள்ளே, வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் செருகிக்கொள்கிறேன். தொப்புளைப் பன்னிரண்டு மணி என்று வைத்தால் நான்கு மணி இடம். மேலே அரைக்கைச் சட்டை, வெளியே விட்டபடி. குளிர்காலத்தில் துப்பாக்கி இருப்பதே மறந்துபோகும். மே மாதம் வந்துவிட்டால் நரகம். ஊரிலிருந்து வாங்கி வரும் வெள்ளைப் பருத்திப் பனியன் காலை பத்து மணிக்கே பிழிந்து போட்ட துணிபோல் ஆகிவிடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று பனியன் மாற்றுகிறேன். உறையின் மேல் விளிம்பு உரசும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வேர்க்குரு. சென்ற வாரம் தோட்டா அடுக்கும் மேகசினின் அடிப்பக்கத்தில் செம்பழுப்பாகத் துரு வேறு பார்த்தேன். அது வியர்வை உப்பின் வேலை என்று தெரிந்ததும் என் தோல் என்ன ஆகும் என்று யோசித்தேன்.

துப்பாக்கியை மாற்றும் எண்ணம் இல்லை. அடியில் எதைப் போட்டுக்கொள்கிறீர்கள்?

வறண்டநிலம் | ஜூன் 10, காலை 7.05

பீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். 2023இல் இங்கே தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த 31 நாளும் இடுப்பில் கிளாக் 19 துப்பாக்கி இருந்தது, உடம்பில் சாதாரணப் பருத்திப் பனியன் இருந்தது. ஒரு வேர்க்குரு கிடையாது. எனவே குறை பருத்தியில் இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் பெல்ட்டை ஒரு துளை தளர்த்திப் பாருங்கள். பாலியெஸ்டர் வாங்கிவிடாதீர்கள், மாலைக்குள் ஆட்டுக்கொட்டகை வாடை வரும்.

தோலுறை | ஜூன் 10, காலை 8.40

அட்லாண்டா. பதினெட்டு ஆண்டுப் பழக்கம். கைடெக்ஸ் என்பது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தட்டை வயிற்றில் கட்டிக்கொண்டு பனியனைக் குறை சொல்கிறீர்கள். நல்ல தோல் உறை வாங்குங்கள். அது உடம்போடு உடம்பாகப் பழகிவிடும்.

ஹூஸ்டன்_கடைக்காரன் | ஜூன் 10, பிற்பகல் 1.15

வறண்டநிலம், பெல்ட்டைத் தளர்த்தினால் துப்பாக்கி வெளிப்பக்கம் சாய்ந்து, சட்டை மேல் பிடி துருத்தித் தெரிகிறது. வாடிக்கையாளர் முன்னால் அது சரிப்படாது. பீனிக்ஸ் வெயிலும் எங்கள் வெயிலும் ஒன்று என்று சொல்லாதீர்கள். உங்கள் ஊரில் துவைத்த துணி கொடியில் போட்ட கால் மணியில் காய்ந்துவிடும். இங்கே ஜூலையில் 35 டிகிரிதான், ஆனால் காற்றே ஈரத் துண்டு போல இருக்கும். மெட்ராஸ்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாம்பா_தென்றல் | ஜூன் 10, இரவு 9.30

ஃபுளோரிடாவிலும் அதே ஈரம்தான், அண்ணா. பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்களுக்குப் பேன்ட்டும் பெல்ட்டும் எப்போதும் வாய்ப்பதில்லை. குர்தா, லெக்கிங்ஸ் நாளில் அகலமான எலாஸ்டிக் வயிற்றுப்பட்டையில்தான் உறை உட்காரும். அந்தப் பட்டை உடம்பைச் சுற்றி 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு இறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு அடியில் துணி இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்க முடியாது. நான் முதலில் போட்டது பருத்தி ஸ்லிப். பட்டைக்கு மேலும் கீழும் காய்ந்திருந்தது, பட்டைக்கு அடியில் மட்டும் குளம். நைலானும் ஸ்பான்டெக்ஸ் என்னும் இழுபடும் நூலும் கலந்த மெல்லிய ஸ்லிப்புக்கு மாறிய பிறகு பெரிய நிம்மதி. இறுக்கமாக, சுருக்கமே விழாமல் இருப்பதை வாங்க வேண்டும். ஒரு சுருக்கம் பட்டைக்கு அடியில் போனால் மாலையில் தோலில் கயிறு கட்டிய தடம் இருக்கும்.

எந்த உறை போட்டாலும் ட்ரிகர் என்னும் சுடும் விசையைச் சுற்றி முழுவதும் மூடும் கெட்டியான உறையாக இருக்கட்டும். பக்கவாட்டில் பை தைத்த பனியன்கள் விற்கிறார்கள். துப்பாக்கியை நேரே அந்தத் துணிப்பைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். துணிக்கு மேலேயே ட்ரிகரை அழுத்த முடியும். வெயிலுக்கு வசதி என்று யாரும் அந்தப் பக்கம் போய்விட வேண்டாம்.

ஆஸ்டின்_வரவு | ஜூன் 11, காலை 6.50

உரையாடலுக்கு நடுவே வேறு கேள்வி, மன்னிக்கவும். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சஸில் உரிமமே வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நானும் வாங்கலாமா?

நெறியாளர் | ஜூன் 11, காலை 7.30

தம்பி, அவசரப்பட வேண்டாம். உரிமம் வேண்டாம் என்பது மாநிலச் சட்டம். அதற்கு மேலே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள், இங்கே கேட்காதீர்கள். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. பிடிபட்டால் குடியேற்ற வாழ்வே போய்விடும் என்பதால் இதைச் சிவப்பு எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். இனி பனியன்.

சும்மா_கேட்கிறேன் | ஜூன் 11, காலை 10.10

பணத்தைப் பகலிலேயே வங்கியில் போட்டுவிட்டு, இரவில் வெறும் பனியனோடு போனால் தோலும் பிழைக்கும், தூக்கமும் வருமே?

ஹூஸ்டன்_கடைக்காரன் | ஜூன் 11, காலை 10.45

கடையில் கூட்டம் வருவதே மாலை ஆறு மணிக்கு மேல், ஐயா. பகலில் போட என்ன இருக்கும், வெங்காயத் தோல்தான்.

பனியன்_டயா | ஜூன் 12, காலை 5.15

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். துப்பாக்கியைத் தேர்தல் நேரத்தில் போலீஸ்காரர் தோளில் பார்த்ததோடு சரி. மகன் டாலஸில் இருக்கிறான், அவன்தான் இந்த உரையாடலைக் காட்டி, "அப்பா, உங்கள் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்றான். முப்பத்தொரு வருடம் நிட்டிங்கில் கழித்தவன் என்பதால் துணியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நீங்கள் எல்லாரும் பருத்தியா பாலியெஸ்டரா என்று சண்டை போடுகிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். உறைக்கு அடியில் இருக்கும் துணி மூச்சுவிட முடியாத துணி. மேலே பிளாஸ்டிக் தட்டு, கீழே தோல், சுற்றிப் பெல்ட். அங்கே விழும் வியர்வை அங்கேயே ஆவியாகாது. எந்தத் துணி போட்டாலும் ஆகாது. அது காய வேண்டுமென்றால் உறைக்கு வெளியே, காற்றுப் படும் இடத்துக்கு நகர்ந்து போக வேண்டும். எனவே "காற்றோட்டமான துணி" என்று அட்டையில் போட்டிருப்பது அந்த இடத்துக்குப் பொருந்தாது. ஈரத்தைப் பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதுதான் பேச்சு.

பருத்தி நூல் தண்ணீரைக் குடிக்கும் நூல். சாதாரண அறை ஈரத்திலேயே உலர்ந்த எடையில் எட்டரை சதவீதம் தண்ணீரை இழைக்குள் வைத்திருக்கும். பாலியெஸ்டருக்கு அது 0.4 சதவீதம், மரக்கூழில் எடுக்கும் விஸ்கோஸுக்கு 13ஐ ஒட்டி, கம்பளிக்கு 16ஐ ஒட்டி. குடித்த பருத்தி இழை உப்பிக்கொண்டு மெத்தென்று ஆகி, தோலோடு ஒட்டும். பாலியெஸ்டர் குடிக்காது. இழைகளுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாகத் தண்ணீர் ஊர்ந்து பக்கத்துக்குப் பரவும். தாம்பாவிலிருந்து எழுதிய அம்மாவின் நைலான் ஸ்லிப் நிம்மதி தந்ததும் அதனால்தான், அதுவும் குறைவாகக் குடித்து அதிகமாகக் கடத்தும் நூல். பீனிக்ஸ்காரர் சொன்னதும் பொய்யில்லை. அங்கே காற்றே உறிஞ்சு குழாய். உறைக்கு வெளியே இருக்கும் பருத்தி அடுத்த நிமிடம் காய்வதால் உள்ளே இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். ஹூஸ்டனில் வெளியே இருக்கும் பருத்தியே காயாது, பிறகு எதை இழுக்கும்?

இரண்டாவது, தையல். கடையில் விற்கும் டி-ஷர்ட் மாதிரியான பனியனுக்குப் பக்கவாட்டில் ஓவர்லாக் தையல் ஒன்று அக்குளிலிருந்து கீழ்வரை ஓடும். அது சரியாக எங்கே வரும்? நீங்கள் உறை வைக்கும் இடத்தில்தான். அகலத் துணியாக நெய்து வெட்டித் தைத்ததால் வருவது அந்தத் தையல். எங்கள் ஊர்ப் பழைய பனியன் அப்படி இல்லை. மார்பு அளவுக்கே குழாயாக ஓட்டும் மெஷினில், எந்த அளவுக்கு எந்த டயா, அதாவது குழாயின் விட்டம், என்று பார்த்து ஓட்டிய துணி. பக்கத் தையலே கிடையாது. கழுத்தும் கையும் வெட்டி, அடியை மடித்தால் பனியன் ஆகிவிட்டது. விலை குறைந்த சரக்கு என்று ஒதுக்குவார்கள், உங்கள் வேலைக்கு அதுதான் ஒத்துவரும். வாங்கும்போது அக்குளுக்குக் கீழே விரலை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் பாருங்கள், மலிவான சிங்கிள் ஜெர்சி என்னும் மெல்லிய பனியன் துணியில் இன்னொரு குணம் உண்டு. நூலின் முறுக்கு அடங்காமல், இரண்டு துவைப்பில் உடல் பகுதியே திருகிக்கொள்ளும். பக்கத் தையல் வயிற்றுக்கு நடந்து வந்துவிடும். குழாய்த் துணியும் திருகும், ஆனால் நடந்து வரத் தையல் இல்லாததால் உங்களுக்குத் தெரியாது.

வறண்டநிலம் | ஜூன் 12, காலை 7.00

ஐயா, "நெய்து" என்று எழுதிவிட்டீர்கள். பனியனைப் பின்னுவார்களே தவிர நெய்ய மாட்டார்களே?

பனியன்_டயா | ஜூன் 12, காலை 7.20

பிடித்துவிட்டீர்கள். பின்னல்தான். ஊரில் வாய்ப்பழக்கமாக எல்லாவற்றையும் "ஓட்டுவது" என்போம், எழுதும்போது மரியாதைக்கு நெய்துவிட்டேன்.

தோலுறை | ஜூன் 12, இரவு 8.00

துணிப் பாடம் நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லையே? நான் எந்தப் பனியனும் இல்லாமல் தோல் உறையை நேரே வைத்துக்கொள்கிறேன்.

தாம்பா_தென்றல் | ஜூன் 12, இரவு 8.50

ஐயா, அந்த உறைக்கு எத்தனை வயது? வியர்வையில் ஊறி ஊறித் தோல் இளகும். வாய் விளிம்பு தளர்ந்து உள்பக்கம் மடிந்தால், துப்பாக்கியைத் திருப்பிச் செருகும்போது அந்த மடிப்பு ட்ரிகர் வளையத்துக்குள் போய் அழுத்தி, குண்டு பாய்ந்த நிகழ்வுகள் இருக்கின்றன. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, ஸ்லைடு என்னும் துப்பாக்கியின் மேல் இரும்புப் பாகத்துக்குத் துருவையும் ஊட்டும்.

தோலுறை | ஜூன் 13, காலை 6.30

இரவு எடுத்துப் பார்த்தேன். பதினொரு வயது. வாய்ப்பகுதியை விரலால் அழுத்தினால் நிற்கிறது, ஆனால் முன்பு போல் விறைப்பாக இல்லை. துப்பாக்கி இல்லாத உறையை இரண்டு விரலால் கிள்ளினால் மூடிக்கொள்கிறது. அதை அலமாரியில் வைத்துவிட்டேன். வாய்க்குள் உலோகப் பட்டை வைத்துத் தைத்த புதிய தோல் உறைக்குச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக்குக்கு மாற மாட்டேன், அதைக் கேட்காதீர்கள்.

ஹூஸ்டன்_கடைக்காரன் | ஜூன் 13, இரவு 11.50

டயா ஐயா, உங்கள் எழுத்தை மூன்று முறை படித்தேன். கடையில் இருந்த பனியன் எல்லாவற்றிலும் அக்குளுக்குக் கீழே விரலை ஓட்டினேன். மனைவி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

சரி, கேள்விகள். ஒன்று, நீளம். குனிந்து அரிசி மூட்டை தூக்கினால் பனியன் பேன்ட்டிலிருந்து வெளியே வந்து, உறைக்கும் தோலுக்கும் நடுவே இருந்த துணி காணாமல் போய்விடுகிறது. இரண்டு, மூங்கில் பனியன் என்று ஒன்று விற்கிறார்களே, குளிர்ச்சி என்கிறார்கள். மூன்று, மெரினோ கம்பளி வெயிலுக்கு என்று சிலர் சொல்கிறார்கள். கம்பளியை வெயிலில் போடுவதா?

பனியன்_டயா | ஜூன் 14, காலை 5.40

நீளம். பின்னல் துணி பெரும்பாலும் நீளவாக்கில்தான் சுருங்கும். மெஷினிலிருந்து வரும்போது இழுவையில் வருகிறது. சாயம் போட்டு வந்த பிறகு காம்பாக்டிங் என்று ஒரு வேலை உண்டு, சூடும் நீராவியும் கொடுத்துத் துணியை நீளத்தில் நெருக்கிவைப்பது. அதைச் சரியாகச் செய்யாத சரக்கு உங்கள் ஊர் டிரையரில் முதல் தடவை சுற்றும்போதே இரண்டு அங்குலத்தை விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே பருத்தி வாங்கினால் உயரக்காரருக்கான நீள அளவை வாங்கி, கொடியில் காய வையுங்கள். தோள் உச்சியிலிருந்து அடிவரை அளந்து பாருங்கள். குனிந்தாலும் வெளியே வராமல் இருக்க, நின்ற நிலையில் பெல்ட்டுக்குக் கீழே ஒரு சாண் துணி உள்ளே போக வேண்டும்.

மூங்கில். மூங்கிலைக் கூழாக்கி வேதிப்பொருளில் கரைத்து இழையாக இழுத்தால் வருவது விஸ்கோஸ். மரக்கூழில் வரும் விஸ்கோஸுக்கும் அதற்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் நாட்டு வணிக ஆணையமே அதை "மூங்கிலிலிருந்து எடுத்த ரேயான்" என்றுதான் லேபிளில் எழுத வேண்டும் என்கிறது. 2009இல் அதை மீறிய நிறுவனங்கள் மேல் நடவடிக்கையும் எடுத்தது. தொட்டால் வழவழப்பாக, சில்லென்று இருக்கும். ஆனால் தண்ணீரைப் பருத்தியை விட அதிகம் குடிக்கும், நனைந்தால் வலுவும் குறையும். உறை உரசும் இடத்தில் முதலில் கிழிவது அதுவாக இருக்கும்.

மெரினோ எங்கள் ஊர்ப் பண்டம் இல்லை. தெரிந்தது இவ்வளவுதான். இழை மிக மெல்லியது, 17 முதல் 19 மைக்ரான், அதனால் தோலில் குத்தாது. நீர் ஆவியை இழைக்குள் இழுத்துக்கொண்டும் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். நாற்றம் பிடிக்காது. உரசலுக்கு ஆகுமா என்று போட்டவர்கள் சொல்ல வேண்டும்.

தாம்பா_தென்றல் | ஜூன் 14, காலை 9.10

என் கணவர் போட்டிருக்கிறார். 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) மெரினோ. ஒரு மாதம் சொர்க்கம் என்றார். பிறகு பிடியின் சொரசொரப்பு உரசும் இடத்தில் சல்லடை.

பாலியெஸ்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். அது இழைமேல் மெழுகு மாதிரிப் படிந்து, டயா ஐயா சொன்ன அந்தச் சந்துகளை அடைத்துவிடும். பிறகு நீங்கள் போட்டிருப்பது மழைக்கோட்டு.

வறண்டநிலம் | ஜூன் 14, பிற்பகல் 12.30

வலை பனியனை யாரும் சொல்லவில்லையே? என் தாத்தா போட்டிருப்பார், மீன் வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக. அதைக் குளிருக்காகவும் போடுகிறார்கள் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. நார்வே ராணுவ அதிகாரி ஒருவர் 1930களில் பழைய மீன் வலையை வைத்து அப்படி ஒன்றைச் செய்து பார்த்தார் என்பார்கள். ஓட்டைக்குள் நிற்கும் காற்று குளிரில் போர்வை, வெயிலில் சாளரம்.

ஹூஸ்டன்_கடைக்காரன் | ஜூன் 14, இரவு 11.05

எங்கள் அப்பாவும் போட்டிருப்பார். திண்ணையில் படுத்து எழுந்தால் முதுகு முழுக்க அப்பளம் சுட்ட கம்பி வலைத் தடம் இருக்கும். அந்தத் தடத்தின் மேல் துப்பாக்கியை வைத்து அழுத்துவதை நினைத்தாலே வலிக்கிறது. ஆனாலும் வாங்கிப் பார்க்கிறேன். ஊருக்குப் போகும் நண்பரிடம் சொல்லி, தையலில்லாத பருத்திக் கை இல்லாத பனியன், வலை பனியன் இரண்டும் வரவழைக்கிறேன். பாலியெஸ்டர்-ஸ்பான்டெக்ஸ் கலப்பும் மெரினோவும் இங்கேயே கிடைக்கும். நான்கையும் போட்டுப் பார்த்து எழுதுகிறேன்.

தோலுறை | ஜூன் 15, காலை 7.15

நிறத்தையும் பாருங்கள். வெள்ளைச் சட்டைக்கு அடியில் வெள்ளைப் பனியன் போட்டால் கைமுடிவும் கழுத்தும் விளக்குப் போட்டது போல் தெரியும். நம் தோல் நிறத்துக்குப் பழுப்போ சாம்பலோதான் மறையும். கறுப்பு உறையின் விளிம்புகூட வெள்ளையின் மேல் கோடு போட்டுக் காட்டிவிடும்.

ஹூஸ்டன்_கடைக்காரன் | ஆகஸ்ட் 17, இரவு 10.30

சொன்னபடி எழுதுகிறேன். வலை பனியனைத் தவிர ஒவ்வொன்றும் ஒரு வாரம், எல்லாம் கடை வேலையில், காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை. ஏசி இருக்கும் கடைதான். ஆனால் சரக்கு இறக்குவது, குப்பை கொட்டுவது, பின்பக்கக் கிடங்கு எல்லாம் வெளியே.

கை இல்லாத பருத்திப் பனியன், தையல் இல்லாதது. பக்கத் தையல் இல்லாததன் அருமை முதல் நாளே தெரிந்தது. வேர்க்குரு பாதியானது. ஈரம் பழையபடிதான். ஆனால் கை இல்லாததால் அக்குள் வியர்வை நேரே சட்டைக்குப் போய், சட்டை நனைந்து இடுப்பில் ஒட்டி, துப்பாக்கியின் உருவத்தை அச்செடுத்தது போலக் காட்டியது. உள்ளே இருப்பதைப் பார்த்தவன், மேலே இருப்பதை மறந்துவிட்டேன். இடுப்பில் மறைக்கிறவருக்குக் கை வைத்த பனியன்தான் வேண்டும் என்பது அன்றைக்கு நானாகத் தெரிந்துகொண்டது.

வலை பனியன். முதுகில் காற்று ஓடியது, உண்மையிலேயே சுகம். இடுப்பில் அப்பளம். உறை அழுத்தும் இடத்தில் வலை நசுங்கித் தோலில் பதிந்துவிடுவதால், ஓட்டைக்குள் நிற்க வேண்டிய காற்று அங்கே இல்லை. இரண்டு நாளில் கழற்றிவிட்டேன்.

மெரினோ. தாம்பா சகோதரி சொன்னது அப்படியே. இரண்டு நாள் துவைக்காமல் போட்டும் வாடை இல்லை, தோலில் படும்போது காய்ந்த உணர்வு. ஒரே வாரத்தில் பிடி உரசும் இடத்தில் துணி பஞ்சாகத் தொடங்கியது. விலையைப் பார்த்துவிட்டு அதைக் கடைக்குப் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணம், காது குத்து என்று உட்கார்ந்திருக்கும் நாளுக்கு வைத்திருக்கிறேன்.

பாலியெஸ்டர்-ஸ்பான்டெக்ஸ், கை வைத்தது, உடம்போடு ஒட்டியது. மதியம் உறையை எடுத்துவிட்டு அடியில் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது, குளம் இல்லை. ஈரம் விலாப்பக்கம் வரை பரவியிருந்தது, அங்கே தொட்டால் சில்லென்று இருந்தது. டயா ஐயா எழுதியதைக் கையால் தொட்டுப் பார்த்த மாதிரி. ஒரு வாரம் முடிந்தபோது புதிய வேர்க்குரு இல்லை. வாடை விஷயத்தில் வறண்டநிலம் சொன்னது சரி, மாலை ஆறு மணிக்கு நானே என்னைவிட்டு விலகி நின்றேன். இப்போது நான்கு மணிக்கு ஒரு முறை மாற்றுகிறேன். மூன்று பனியன் இரண்டானது.

இதோடு பழைய உறையையும் மாற்றினேன். புதியதில் ஸ்லைடுக்கும் தோலுக்கும் நடுவே தட்டு உயரமாக எழும்பி நிற்கிறது. பனியன் ஏறி இறங்கினாலும் இரும்பு தோலைத் தொடாது. இரவு துப்பாக்கியைத் தோட்டா நீக்கித் துடைத்து, மேகசினிலும் இரும்புப் பாகங்களிலும் மெல்லிய எண்ணெய் பூசி வைக்கிறேன். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி இத்தனை நாள் விட்டிருந்தேன். திரும்பச் செருகும்போது பனியனையும் சட்டையையும் இடது கையால் மார்புவரை தூக்கிப் பிடித்து, கண்ணால் உறையின் வாயைப் பார்த்து, மெதுவாகத்தான் செருகுகிறேன். ஒட்டும் துணி என்பதால் விளிம்பு உள்ளே இழுபட வாய்ப்பு அதிகம்.

குறை ஒன்று. கடையில் கிடைத்த எந்தப் பாலியெஸ்டர் பனியனும் குழாய்த் துணி இல்லை. எல்லாவற்றிலும் பக்கத் தையல். தட்டைத் தையல்தான், ஆனாலும் இருக்கிறது. நீளமும் எனக்கு 72 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கவில்லை.

வறண்டநிலம் | ஆகஸ்ட் 18, காலை 6.45

வாடைக்கு நான் சொன்னதை ஒப்புக்கொண்டீர்கள், போதும். பருத்தி விஷயத்தில் ஹூஸ்டனுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

பனியன்_டயா | ஆகஸ்ட் 18, காலை 7.30

அக்குள் ஈரம் சட்டையை நனைத்துக் காட்டிக்கொடுக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் சட்டைக்கு உள்ளே மறைக்க என்ன இருக்கிறது, பீடிக்கட்டுதான்.

பக்கத்து யூனிட்டில் விளையாட்டுச் சரக்குக்குப் பாலியெஸ்டர் ஓட்டுகிறார்கள். மார்பு அளவுக் குழாய் மெஷின் ஒன்று அவர்களிடம் சும்மா நிற்கிறது. நூல் மிச்சம் இருக்கிறதாம், ஆறு பனியன் அளவுக்கு ஓட்டித் தருகிறேன் என்றார். கை வைத்து, பக்கத் தையல் இல்லாமல், நீளம் 80 சென்டிமீட்டர் வைத்து வெட்டச் சொல்லியிருக்கிறேன். பின் கழுத்தில் லேபிள் தைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். மகன் செப்டம்பரில் ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பணம் எல்லாம் வேண்டாம், போட்டுப் பார்த்து எங்கே உரசுகிறது என்று எழுதினால் போதும். உங்கள் மார்பு அளவு எவ்வளவு? சாயத்துக்கு என்ன நிறம் சொல்லட்டும்?

ஹூஸ்டன்_கடைக்காரன் | ஆகஸ்ட் 18, காலை 8.05

மார்பு 102 சென்டிமீட்டர், ஐயா. வயிற்றையும் கேட்டிருக்கலாம், நல்லவேளை கேட்கவில்லை. நிறம் சாம்பல்.